கப்பலின் நடு யாருக்கு?

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும் பித்தளை விளக்கு. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும் என்று வழிகாட்டிகள் திருப்பிக் காட்டுவார்கள். கூட்டமும் "அட!" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும்.

இந்த விளக்கைக் கொண்டுபோய் ஒரு கப்பலில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? கப்பல் இடமோ வலமோ சாய்ந்தால் விளக்கு தன் பங்குக்கு நேராக நிற்கப் பார்க்கும். ஆனால் கூரையே இரண்டு மீட்டர் மேலே எழும்பி இரண்டு மீட்டர் கீழே இறங்கினால்? விளக்கும் கூடவே எழும்பி இறங்கத்தான் வேண்டும். சாய்வதைச் சமாளிக்க சங்கிலி போதும். ஏறி இறங்குவதைச் சமாளிக்க எந்தச் சங்கிலியும் கிடையாது. கப்பலில் வரும் தலைச்சுற்று, ஓங்கரிப்பு, வாந்தி எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டாவது ஆட்டம்தான்.

2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டீலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்து, தெரிந்தவர்கள் மத்தியில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: "எந்த கேபின் எடுத்தா வாந்தி வராது?" பதில் சுலபம். நீளவாட்டில் கப்பலின் நடு, கூடுமானால் கீழ்த்தளம். எனக்கு அதைவிட சுவாரஸ்யமாகத் தோன்றியது வேறு கேள்வி. இந்த நல்ல இடம் இத்தனை காலமும் யார் கையில் இருந்தது? வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போன நம் ஆட்களுக்குக் கிடைத்ததா?

முதலில் உடம்பு சமாச்சாரத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது. நாலு சுவருக்குள் இருக்கும் கண் "ஆடவில்லையே" என்கிறது. மூளை இந்தச் சண்டையில் குழம்பி, வயிற்றைக் காலி செய்யச் சொல்கிறது. அந்த உட்காது உறுப்பு இரண்டு பக்கமும் செயலிழந்தவர்களுக்குக் கப்பலில் வாந்தியே வருவதில்லை என்பது இதற்கு வலுவான சாட்சி.

எந்த மாதிரி ஆட்டம் மோசம் என்பதற்கு 1974-இல் அமெரிக்காவில் ஓஹான்லன், மெக்காலி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் அடிப்படை. மூடிய அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, அறையையே லிஃப்ட் மாதிரி இரண்டு மணி நேரம் வரைக்கும் மேலும் கீழும் ஆட்டினார்கள். யார் யாருக்கு எப்போது வாந்தி வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். (இதற்கும் ஆள் வந்திருக்கிறார்கள்!) வேகமான குலுக்கல் அவ்வளவு தொந்தரவு செய்யவில்லை. ரொம்ப மெதுவான ஆட்டமும் பரவாயில்லை. ஏறத்தாழ ஆறு நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குவதுதான் மனிதனைக் கவிழ்க்கிறது. 1980-களில் லாதர், கிரிஃபின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கப்பல் பயணிகள் 20,000 பேரிடம் விசாரித்தபோதும் மேல்கீழ் ஆட்டத்தோடுதான் வாந்திக் கணக்கு ஒத்துப்போனது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. இந்த 'ஆறு நொடி'யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கப்பல் ஒரு சீசா பலகை மாதிரி. அலையில் அணியம் ஏறும்போது பின்பக்கம் இறங்கும். நடுவில் இருப்பவருக்கு ஆட்டம் கொஞ்சம்தான், நுனியில் இருப்பவருக்கு முழு ஆட்டமும். சிறுவயதில் சீசாவில் ஏறிய யாருக்கும் தெரியும், நடுவில் உட்கார்ந்தால் ஒரு சுகமும் இல்லை. கப்பலில் அதுதான் சுகம்.

பாய்மரக் காலத்தில் மரியாதைக்குரிய இடம் நடுவில் இல்லை, பின்பக்கத்தில் இருந்தது. சுக்கான் அங்கே, திசைகாட்டி அங்கே, கப்பலை நடத்துபவர்கள் அங்கே. அலைநீர் அறைவது முன்பக்கத்தில்தான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறையில் இருக்கும் டிலனாய், 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டவர். அவர் வேலை பார்த்த டச்சுக் கம்பெனியின் கப்பல்களிலும் இதே ஏற்பாடுதான். அதிகாரிகளுக்குப் பின்பக்க அறைகள். சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் தளங்களுக்கு நடுவே, குனிந்து நடக்கவேண்டிய இருட்டு. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு மாதக்கணக்கில் பயணம். ஆக, அந்தக் காலத்தில் பணமும் பதவியும் வாங்கிக் கொடுத்தது காற்றும் வெளிச்சமும் மட்டுமே, ஆட்டத்திலிருந்து விடுதலை இல்லை. சார்லஸ் டார்வினே சாட்சி. பீகிள் கப்பலில் அவருக்குக் கிடைத்தது கௌரவமான பின்பக்க அறை. கப்பலோ 27 மீட்டர்தான். ஐந்து வருடப் பயணத்தில் அவருக்குக் கடல் பழகவே இல்லை.

நீராவி வந்ததும் கதை மாறியது. பின்பக்கத்தில் இப்போது உந்துவிசிறியும் அதன் அதிர்வும். 1871-இல் ஒயிட் ஸ்டார் கம்பெனி தன் 'ஓஷியானிக்' கப்பலில் முதல் வகுப்பைத் தூக்கி நடுவில் வைத்தது. அட்லாண்டிக்கில் மற்ற கம்பெனிகளும் பின்னால் அதே வழிக்கு வந்தன. கப்பலின் நடு அதிக விலைக்குப் போகும் மனையாக மாறியது அப்போதிலிருந்துதான்.

அதே சமயத்தில் இன்னொருவர் வேறு வழி பார்த்தார். எஃகு தயாரிப்பில் பெயர்பெற்ற ஹென்றி பெஸ்ஸெமர். மனிதர் கப்பலில் ஏறினாலே படுத்துவிடுவார். 1868-இல் பிரான்ஸிலிருந்து இங்கிலாந்து திரும்பியபோது பட்ட பாட்டில், கப்பல் ஆடட்டும், அறை ஆடக்கூடாது என்று முடிவு செய்தார். நம் குதிரை விளக்குக் கொள்கைதான். கப்பலுக்குள் ஒரு பெரிய கூடத்தை அச்சில் தொங்கவிட்டார். ஓர் ஆள் ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டே நீர்விசை இயந்திரத்தால் கூடத்தை நேராக்கிக்கொண்டிருக்க வேண்டும். 1875 மே மாதம் பொதுமக்களோடு கிளம்பிய பயணத்தில், கூடத்தை ஆடாமல் பூட்டி வைத்துத்தான் போனார்கள். போய் கலே துறைமுகத்தின் மேடையில் மோதினார்கள். அதற்கு முன் சோதனை ஓட்டத்திலும் அங்கே இடித்திருந்தார்கள். 1879-இல் கப்பல் உடைப்புக்குப் போனது. மோதாமலே இருந்திருந்தாலும் தேறியிருக்காது என்பது என் எண்ணம். பக்கவாட்டுச் சாய்வை மட்டும்தான் அந்தக் கூடம் சமாளித்திருக்கும், மேலும் கீழும் போவதை அல்ல. இன்றைய கப்பல்களின் இருபுறமும் துடுப்பு போல நீட்டியிருக்கும் ஸ்டெபிலைசர்களும் அப்படித்தான். சாய்வைக் குறைக்கும், ஏற்ற இறக்கத்தைத் தொடாது. அதனால்தான் இயந்திரம் எவ்வளவு வளர்ந்தாலும் 'எந்த இடம்' என்ற கேள்வி சாகவில்லை.

சரி, நம் கடலுக்கு வருவோம்.

நாஞ்சில் நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் போன குடும்பங்கள் உண்டு. இலங்கைக்குத் தூத்துக்குடி-கொழும்பு கப்பல். ஒரு ராத்திரி, எப்படியோ பல்லைக் கடித்துக்கொள்ளலாம். வ.உ.சி.யின் சுதேசிக் கம்பெனி 1907-இல் ஓட்டிய 'காலியா', 'லாவோ' கப்பல்களும் இந்த வழியில் ஓடியவைதான். வ.உ.சி. வரலாறுகளில் வரும் கணக்குப்படி, ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பு 42 பேர், இரண்டாம் வகுப்பு 24 பேர், சாதாரணப் பயணிகள் 1300 பேர். சுதேசிக் கப்பலானாலும் 66-க்கு 1300! இது வெள்ளைக்காரக் கம்பெனியின் கெட்ட எண்ணம் மட்டுமல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கப்பலின் வரவு செலவே அப்படித்தான் நின்றது.

மலாயா வழியின் ராணி 'ராஜுலா'. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக 1926-இல் கிளாஸ்கோவில் கட்டியது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் போகும். நாகையில் கப்பல் கரைக்கு வராது. ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். மயக்கம் அந்தப் படகிலேயே தொடங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜுலாவின் நீளம் ஏறத்தாழ 145 மீட்டர். தொடக்கத்தில் 5000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது.

அதன் பழைய படங்களைப் பார்த்தால் அமைப்பு பளிச்சென்று தெரியும். நடுவில் உயரமான ஒற்றைப் புகைப்போக்கி, அதைச் சுற்றி வெள்ளைக் கட்டடம் போல கேபின் அடுக்குகள். முன்னும் பின்னும் சரக்கு இறக்கும் கிடங்குவாய்கள், பளுத்தூக்கிக் கம்பங்கள். கேபின்காரர்கள் நடுவில். டெக்காரர்கள் மேல்தளத்திலும், அதற்குக் கீழே கிடங்குகளுக்கு மேலுள்ள இடைத்தளங்களிலும் பாய் விரித்துக்கொள்ள வேண்டியது. மிச்சமிருந்த இடம் நீளவாட்டில் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு நுனிகள்தான்.

சட்டம் இவர்களுக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். 1958-ஆம் வருட இந்திய வணிகக் கப்பல் சட்டம், கேபினிலோ சலூனிலோ தனி இடம் ஒதுக்கப்படாத பயணி என்று இவர்களை வரையறுத்தது. அதாவது இல்லாத ஒன்றால் அடையாளம் காணப்படுகிறவர்கள். "எந்த கேபின் நல்லது?" என்ற கேள்விக்குச் சட்டப்படியே இவர்கள் வெளியே. 1929-இல் உலக நாடுகள் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை போட்டபோது, இப்படிப் பெருங்கூட்டமாகப் போகும் கப்பல்களுக்கு, ஹஜ் யாத்திரைக் கப்பல்கள் உட்பட, விதிவிலக்கு வைத்தார்கள். அதற்கான தனி விதிகள் 1931-இல் நம் சிம்லாவில் எழுதப்பட்டன. சிம்லா விதிகள் என்றே பெயர். மலை உச்சியில் உட்கார்ந்து டெக் பயணிக்கு விதி எழுதியிருக்கிறார்கள்! இந்த வகைக் கப்பல்களில் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று சர்வதேச அளவில் ஒரு தனி ஒப்பந்தம் வர 1973 ஆனது.

இப்போது அந்த 'ஆறு நொடி'க்கு வருவோம். ஒரு சனிக்கிழமை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்த கணக்கு இது. கப்பல் நிபுணர்கள் மிக நுட்பமாகச் செய்வார்கள், நமக்கு இது போதும்.

ஒரு கப்பல் மிக அதிகமாக முன்பின் ஊசலாடுவது, அலையின் நீளம் ஏறத்தாழக் கப்பலின் நீளத்தை ஒட்டி இருக்கும்போது. அலை அதைவிடக் குட்டையாக இருந்தால் கப்பல் இரண்டு மூன்று அலைகள்மேல் பாலம் போலப் படுத்துக்கொள்ளும். ரொம்ப நீளமாக இருந்தால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஆழ்கடலில் 145 மீட்டர் அலை நொடிக்குச் சுமார் 15 மீட்டர் வேகத்தில் ஓடும். 12 நாட் வேகத்தில் போகும் கப்பல் நொடிக்கு 6 மீட்டர் தாண்டுகிறது. இரண்டும் எதிரெதிரே வந்தால், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையில் கிடைக்கும் நேரம் 145-ஐ 21-ஆல் வகுத்தது. ஏறத்தாழ ஏழு நொடி!

மனித வயிற்றுக்கு ஆகவே ஆகாத இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. அந்தக் காலத்தில் இந்த வழிக்குக் கட்டுப்படியான கப்பலின் நீளமும் வேகமும் தற்செயலாக அங்கே கொண்டுவந்து விட்டிருக்கின்றன.

கப்பல் இரண்டு பாகை மட்டும் முன்பின் சாய்வதாக வைத்துக்கொள்வோம், பெரிய புயலெல்லாம் வேண்டாம். நடுவிலிருந்து 60 மீட்டர் தள்ளி, முன் கிடங்குவாய்ப் பக்கம் படுத்திருப்பவர் ஏழு நொடிக்கு ஒருமுறை மொத்தம் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவார். ஒரு மாடியைவிட அதிக உயரம். 60 கிலோ ஆள் என்றால் ஒரு கணம் 71 கிலோ கனப்பார், அடுத்த சில நொடியில் 49 கிலோ. நடுவிலிருந்து 10 மீட்டருக்குள் இருக்கும் கேபின்காரருக்கு இதில் ஆறில் ஒரு பங்குதான். அதே கப்பல், அதே ராத்திரி, அதே அலை. (கப்பல் மொத்தமாக மிதந்து எழும்பும் ஆட்டம் எல்லோருக்கும் பொது, அதை இதில் சேர்க்கவில்லை.)

நாகையிலிருந்து பினாங்கு கிழக்குத் தென்கிழக்கில் இருக்கிறது. வாடைக் காலத்தில் போகும்போது அலை அணியத்தின் இடப்பக்கத்தில் சாய்வாக வந்து மோதும், முன்பின் ஊசல் அதிகம். தென்மேற்குப் பருவத்தில் அலை பக்கவாட்டில் வரும், உருட்டல் அதிகம். இந்த வித்தியாசம் அரசாங்கத்துக்கும் தெரியும். நல்ல பருவம், மோசமான பருவம் என்று சட்டமே வருடத்தைப் பிரித்து வைத்திருந்தது.

தூரம் ஏறத்தாழ 1260 கடல் மைல். 12 நாட் வேகத்தில் நாலரை நாள். இதில் ஒரு கொடுமை உண்டு. கடல் ஆட்டம் உடம்புக்குப் பழக பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நாலு நாள் பிடிக்கும். பழகி எழுந்து உட்காரும்போது பினாங்கு வந்துவிடும். இறங்கினால் ஜெரஜாக் தீவின் தடுப்பு முகாம். ஆட்டம் பழகிய உடம்புக்கு அங்கே தரையும் கொஞ்ச நேரம் ஆடும்.

இடைத்தளத்தில் இருந்தவர்களுக்கு ஆட்டத்தோடு இன்னொன்றும் சேர்ந்தது: அடைந்த காற்று, பக்கத்துப் பாயில் வாந்தி, வெளியே எதுவும் தெரியாத கண். பெண்களும் சின்னப் பிள்ளைகளும்தான் இந்த நோய்க்குச் சீக்கிரம் விழுபவர்கள். குடும்பத்தோடு போனவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டால், ஏழைக்கும் ஏழையாக மேல்தளத்தில் திறந்தவெளியில் கிடந்தவர் ஒருவகையில் கொடுத்துவைத்தவர். மழை அடிக்கும், வெயில் வாட்டும். ஆனால் அவருக்குத் தொடுவானம் தெரியும். கண்ணும் காதும் ஒரே கதையைச் சொன்னால் மயக்கம் குறையும். மல்லாந்து படுத்திருப்பதும் நல்லதுதான், பாய் ஒன்றே சொத்து என்பவருக்கு அது தானாகவே அமைந்தது. எங்கள் பக்கம் மலைப்பாதை பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு போகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். எலுமிச்சைக்கு எவ்வளவு பலன் என்று சொல்லமாட்டேன். ஆனால் இஞ்சிக்கு உண்டு என்று 1988-இல் டென்மார்க் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரை நடுக்கடலில் வைத்துச் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். நம் சுக்குக்கு டேனிஷ் சான்றிதழ்!

ராஜுலா போரில் படைகளைச் சுமந்து, பிழைத்து வந்து, மறுபடி இதே வழியில் ஓடி, 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, 1974-இல் உடைப்புக்குப் போனது. அடுத்து வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இடையிலான பயணிகள் கப்பல் முடிந்தது.

இன்றைய எம்ப்ரஸ் 1990-இல் கட்டியது, நீளம் 211 மீட்டர். அதே கணக்கை 16 நாட் வேகத்தில் போட்டால் ஏழு நொடி எட்டு நொடியாகிறது. அவ்வளவு நீள அலையும் வங்காள விரிகுடாவில் சாதாரண நாளில் அடிக்கடி வராது. இரண்டும் வயிற்றுக்கு நல்லது. வேடிக்கை என்னவென்றால், விலைப்பட்டியல் தலைகீழாகிவிட்டது. இப்போது அதிக விலை உச்சித் தளத்து பால்கனிக்கு. மலிவு, கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள் அறைக்கு. ஆட்டம் மட்டுமே கணக்கு என்றால் நடுப்பகுதியில் இருக்கும் அந்த மலிவு அறைதான் கப்பலிலேயே சிறந்தது. ஆனால் அங்கே தொடுவானம் கிடையாது, அதற்கு டெக்குக்கு ஏறி வர வேண்டும். என்னைக் கேட்டால், நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன ஜன்னல் அறை. உயரத்தைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம், நீளவாட்டில் நடுவா என்பதைத்தான் முதலில் பாருங்கள். நடுவிலும் சரிபாதியைவிடக் கொஞ்சம் பின்னே தள்ளி இருந்தால் இன்னும் உத்தமம். சீசாவின் அச்சு பெரும்பாலும் அங்கேதான் விழும்.

ராஜுலாவின் கடைசிப் பயணங்களில் சின்னப் பிள்ளைகளாகப் போனவர்களுக்கே இப்போது அறுபது வயதுக்கு அருகில். உங்கள் வீட்டில் அப்படிப் போன பெரியவர்கள் இருந்தால் மூன்று விஷயம் கேட்டு எனக்கு எழுதுங்கள். எந்த மாதம் போனார்கள், பாய் விரித்தது முன்பக்கமா பின்பக்கமா, மேல்தளமா உள்ளேயா. எத்தனை நாள் சாப்பிட முடியவில்லை என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். மேலே போட்ட கணக்கை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.